என் வாய் சாகடித்தவரைக் கர்த்தர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை இறந்துவிட்டார் என்று, கடல் தாண்டி இருக்கும் ஒரு சபைக்கு முன்னால் நான் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது என் வாய்தான். அதனால் ஒரு வீடு கலைந்தது, ஒரு பெண்ணின் படிப்பு நின்றது. கர்த்தர் அந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவந்தார், அதற்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். சாட்சி எழுதுகிறவர்கள் சந்தோஷத்தோடு எழுதுவார்கள். எனக்கும் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் வருத்தம் அதைவிட ஜாஸ்தி. படிக்கிற நீங்கள் இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிரேமலதா. ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் வயதில் பாதியை ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கழித்தேன். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்களுக்கு, நாங்கள் பையர் என்று சொல்வோம், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. பையர் மனசு கோணக் கூடாது. சரக்கு தாமதமானாலும் அது அவருக்கே நல்லது என்பதுபோல எழுதத் தெரிய வேண்டும். எனக்கு நன்றாகவே தெரியும். பையர் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், என் கடிதமும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்யும்.

கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய இறையியல் கல்லூரியின் முதல்வர் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டுச் சபைகளோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். இது நான் செய்த அதே வேலைதானே, பையருக்குப் பதிலாக விசுவாசிகள், அவ்வளவுதான் என்று நினைத்துச் சேர்ந்தேன். அந்த நினைப்பிலேயே கோளாறு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்லூரியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்போது பெண்பிள்ளைகள் எல்லோரும் பட்டம் வாங்குகிறார்கள். ஊழியத்துக்குப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் தங்க இடம் இல்லாத கல்லூரிக்கு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? ஆண்களுக்கு விடுதி இருந்தது. பெண்களோ முதல்வர் வீட்டு மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். விடுதி கட்டினால்தான் பெண்களைச் சேர்க்க முடியும். பெண்கள் சேர்கிறார்கள் என்று காட்டினால்தான் விடுதிக்கு வெளியிலிருந்து கை கொடுப்பார்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு பேஜாராகி நின்றேன்.

என் பழைய பையர் ஒருவரின் உறவுமுறையில் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ச் சபை எங்களுக்கு அறிமுகமானது. அங்கே மிஷன் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஹெல்கா அம்மா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உதவி கேட்டு ஒரு கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை இது. அவருடைய பேரப்பிள்ளைகள் பெயர் எனக்குத் தெரியும். எனக்கு முட்டி வலி என்று அவருக்குத் தெரியும். அவர்கள் சபையில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால் எங்கள் காலை ஜெபத்தில் பெயர் சொல்வோம். இப்படிப் பழகிப் பழகித்தான், ஒரு நாள் அவராகவே கேட்டார், உங்கள் மாணவிகளில் ஒருவரை எங்கள் சபையோடு நேரில் பேசவையுங்கள், வீடியோவில் பார்க்கிறோம் என்று. விடுதி விஷயத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் சொன்னார்.

நான் சுகந்தியைத் தேர்ந்தெடுத்தேன். பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. பி.காம். முடித்தவள், அமைதியானவள், பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவளைச் சேர்க்க அவளுடைய அம்மா மேரி மட்டும்தான் வந்திருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. எங்கள் சபைகளில் புருஷன் உள்ள பெண்களே பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், என் நெற்றியும் அப்படித்தான். அப்படியிருந்தும் அவர் தனியாக வந்ததையும் குரல் தாழ்த்திப் பேசியதையும் பார்த்து, பாவம், புருஷன் இல்லாதவர் போலிருக்கிறது என்று மனசுக்குள் நானே எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கல்லூரி ஹாலின் தகரக் கூரைமேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஜெர்மனிச் சபையார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். சுகந்தி தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஹெல்கா அம்மா அதை அவர்கள் பாஷையில் சொன்னார். சுகந்தி பாட்டுப் பாடினாள், தான் இரட்சிக்கப்பட்ட கதையைச் சொன்னாள். எங்கள் ஊர் தோல் தொழிலைப் பற்றி நான் விளக்கினேன். அப்போது ஹெல்கா அம்மா கேட்டார், உன் அப்பாவும் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறாரா என்று.

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா இப்ப இல்லீங்க" என்றாள்.

நம் பாஷையில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். செத்துப்போனார் என்று பச்சையாகச் சொல்ல மனசு வராமல் நாம் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம். அவள் குரலும் இறங்கியிருந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. இவளுடைய தகப்பனார் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் தேவலை. இப்போது ஆண்டவர் ஒருவர்தான் இவளுக்குத் தகப்பன் என்று ஒரு வாக்கியத்தை என் கையிலிருந்து சேர்த்தேன். அவள் சொல்லாத வாக்கியம் அது. அந்த இடத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று என் எக்ஸ்போர்ட் மூளைக்குத் தோன்றியது.

திரையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் எழுந்து போய் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுகந்தியும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். என் வேக இங்கிலீஷும் மழைச் சத்தமும் சேர்ந்து அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அவர்கள் ஊரில் ஜெபம் இப்படித்தான் போல என்று நினைத்து, தன் சொந்தத் தகப்பனுக்காக ஏற்றிய அஞ்சலி மெழுகுவர்த்திக்கு முன்னால் அந்தப் பிள்ளை ஆமென் சொன்னாள்.

அடுத்த வாரமே ஹெல்கா அம்மா எழுதினார். பெண்கள் விடுதியை அவர்கள் சபையே ஏற்றுக்கொள்கிறது, பக்கத்துச் சபைகளையும் சேர்த்துக்கொள்கிறது என்று. நாங்கள் துதித்த துதி கொஞ்சநஞ்சமல்ல. அந்த வீடியோவைக் கல்லூரியின் யூடியூபில் போட்டோம், அதைப் பார்த்து இன்னும் பெண்கள் சேரட்டும் என்று. போட்டதை நான்தான் எல்லாச் சபை வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினேன்.

அது சுற்றிச் சுற்றி பேரணாம்பட்டுக்குப் போனது. சுகந்தியின் அத்தை மகன் ஒருவன் ஷூ கம்பெனி ஆபீசில் இருக்கிறான், இங்கிலீஷ் தெரிந்தவன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த தன் மாமனிடம் போனை நீட்டி, "மாமா, நீ செத்துட்டியாம், உம் பொண்ணு வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கினு கீது" என்றிருக்கிறான். வேடிக்கைக்குத்தான். நான் சேர்த்த அந்த இரண்டாவது வாக்கியத்தையும் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறான். அந்த மாமன்தான் சுகந்தியின் அப்பா ஆசீர்வாதம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனவர் அன்று சாயங்காலம் வீட்டில் இல்லை. சட்டை வேட்டி இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.

மேரி அக்கா போனில் அழ, சுகந்தி என் அறைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க இங்கிலீஷ்ல இன்னா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். அப்பா இறந்துட்டாருன்னு."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். "டேனரில இப்ப இல்லன்னு சொன்னேன் அக்கா. கெமிக்கல்ல கையெல்லாம் வெடிச்சு ரணமாயி, டாக்டரு போவக்கூடாதுன்னு சொல்லி நின்னுட்டாரு. இப்ப கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன்" என்றாள்.

"அங்க" என்ற ஒரு வார்த்தையை அவள் விட்டுவிட்டாள். அதைக் கேட்க வேண்டியவள் நான்.

பிறகு அவள் இன்னொன்றையும் சொன்னாள். அவள் கல்லூரிக்குக் கிளம்பின அன்று வீட்டில் பெரிய சண்டை. கம்பெனி ஆபீசில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார் அப்பா. அதை விட்டுவிட்டுச் சாமி படிப்புக்குப் போகிறாளே என்ற ஆத்திரத்தில், நீ போனா உனக்கு அப்பன் இல்லன்னு நெனச்சுக்க என்று கத்தியிருக்கிறார். அதை நினைத்துத்தான் அன்று அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நான் அப்டியே நெனச்சுக்கிட்டேன்னு நம்பிட்டாரு அக்கா" என்று சொல்லிவிட்டு என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நான் என்ன ஜெபித்தேன் என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். அன்று முழங்கால் போட்டதும் என் வாயில் வந்தது விடுதிதான். ஆண்டவரே, ஜெர்மனிச் சபை எங்களைப் பொய்யர் என்று நினைத்துக் கையை உதறிவிடக் கூடாது, கட்டட வேலை நின்றுவிடக் கூடாது என்று அழுது அழுது ஜெபித்தேன். ஆசீர்வாதம் அண்ணாவின் பெயரையும் சொன்னேன். கடைசியில், எழுந்திருக்கப் போகும்போது.

முதல்வர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் பொறுத்து, பக்குவமாக எழுதுகிறேன் ஐயா என்றேன். கடிதத்தில் எப்படி நெளிவு சுளிவாகச் சொல்வது என்று மனசு அப்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது. அவர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. "இன்னிக்கே சொல்லிடுங்க சிஸ்டர். ஒரு மனுஷன் செத்தான்னு சொல்லி நாம ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது" என்றார்.

ஹெல்கா அம்மாவைப் போனில் அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இது மொழிபெயர்ப்பில் வந்த தவறுதான், கல்லூரிமேல் சந்தேகப்பட வேண்டாம், விடுதியைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று. தெரியாது என்றேன். அப்படியானால் என்னோடு ஏன் பேசிக்கொண்டிருக்கிறாய், முதலில் அவரைத் தேடு என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. மனிதரைக் காணோம் என்று வீட்டார் கதறிக்கொண்டிருக்கிறார்கள். நான் கட்டடத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பையருக்குப் பேசிப் பழகிய வாய். அன்றைக்கு அந்த வாயை நானே வெறுத்தேன்.

மேரி அக்காவையும் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு பேரணாம்பட்டில் அவர் முன்பு வேலை செய்த டேனரிக்குப் போனேன். அங்கே மேஸ்திரி பாஷா பாய், ஆசீர்வாதம் அண்ணாவுக்குப் பழைய சினேகிதர். எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அவன் என் தோஸ்த்துமா. கல்கத்தா டேனரிக்கு ஆள் போச்சு, நானும் வர்றேன்னு நின்னான். கை கெட்டுப்போனவன் மறுபடி டிரம்முல கைய வெச்சா இன்னா ஆவறதுன்னு நானும் சண்ட போட்டுப் பாத்தேன். கேக்கல. மனசு ரொம்ப பேஜாராய்ட்டான்."

தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றுகிற மர டிரம்தான் அவர் சொன்னது. அந்த மருந்துதான் ஆசீர்வாதம் அண்ணாவின் கையைத் தின்றது. பாஷா பாய் எங்கள் முன்னாலேயே கல்கத்தாவுக்குப் போன் போட்டார். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டார்கள். பாய் உருதுவும் தமிழும் கலந்து கெஞ்சினார். பிறகு போனை அணைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "செத்தவன்கிட்ட போனக் குடுத்தா எப்டி பேசுவான்னு கேக்குறான்மா."

மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகந்தி என் பக்கத்தில் உட்காரவில்லை.

கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டோம், ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. சுகந்தி படிப்பை விட்டுவிட்டாள். வீட்டில் அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டுமே. அப்பா பார்த்து வைத்திருந்த அதே ஷூ கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் நான் கல்லூரிக்குப் போகிற நேரமும் அவள் கம்பெனி பஸ் வருகிற நேரமும் ஒன்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் கை காட்டினால் அவளும் காட்டுவாள். சிரிக்க மாட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அந்த மாதங்களில்தான் நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருடம் ஜெபித்தது எல்லாம் கடிதம் எழுதினதுதான். முதலில் புகழ்ச்சி, நடுவில் விஷயம், கடைசியில் நன்றி. இப்போது அதெல்லாம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து, ஆண்டவரே, ஆசீர்வாதம் அண்ணா வீட்டுக்கு வரணும், அவர் கை கெடக் கூடாது என்று மட்டும் சொல்வேன். விடுதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. விடுதி போனால் போகட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை நிஜமாகவே தோன்றியது. அன்று மனசாரச் சொன்னேன், ஆண்டவரே, அந்தக் கட்டடம் வேண்டாம், அந்த மனிதரைக் கொடும் என்று.

அதற்குப் பிறகு நடந்தது என் மூளையில் உதித்தது இல்லை. ஹெல்கா அம்மா அழைத்தார். எங்கள் சபைதான் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது, ஆகவே நாங்களும் மன்னிப்புக் கேட்க வேண்டும், தமிழில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடு என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. போன் வழியாக அந்த முதியவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். "ஆசீர்வாதம் அண்ணா, எங்கள மன்னிச்சிடுங்க. வீட்டுக்குப் போங்க." அவர் பெயர் அவர்கள் வாயில் நுழையவே இல்லை. ஆசிர், வாதம் என்று உடைத்து உடைத்துப் படித்தார்கள். ஒருவழியாக எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பினார்கள்.

அதன் கடைசியில் ஒரு வயதானவர் தனியாக வந்து நின்றார். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் டேனரி இருந்ததாம், அவர் அதில் வேலை செய்தவராம். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். விரல்களெல்லாம் வெடித்து ஆறின தழும்பு. காட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

பாஷா பாய் அதைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அண்ணா எடுத்துப் பார்த்தாரா, தள்ளிவிட்டாரா என்று தெரியவில்லை. சில நாள் கழித்து பாய் எனக்குப் போன் செய்தார். "பொறப்பட்டான்மா. வண்டி ஏறிட்டான்." அவ்வளவுதான் சொன்னார். நான் கல்லூரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டுவிட்டேன், பிள்ளைகள் எல்லாம் என்னவோ என்று ஓடிவந்தார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. காட்பாடி ஸ்டேஷனில் மேரி அக்காவும் சுகந்தியும் முன்னால் நிற்க, நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தள்ளி நின்றேன். முதல்முறையாக அவரை அன்றுதான் பார்த்தேன். குள்ளமான மனிதர், நரைத்த மீசை. கைகளில் துணி சுற்றியிருந்தது. சுகந்தி அசையாமல் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, "சாப்ட்டியாமா?" என்றார். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் முன்னால் போகவில்லை.

பத்து நாள் போல விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எதையெதையோ தயார் செய்து வைத்திருந்தேன். வாசலிலேயே, "உள்ள வாம்மா" என்றார். நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பு உன்னுது மட்டும் இல்லமா. அப்பன் இல்லன்னு மொதல்ல சொன்னது நானு. அந்த வார்த்த ஊரெல்லாம் சுத்திக்கினு எங்கிட்டயே வந்துச்சு. அந்த வெள்ளக்காரக் கெழவரு கையப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆய்ட்சு. முகந்தெரியாத மனுஷன் எனக்குத் தல குனியறாரு, நான் எம் பொண்ணுகிட்ட வீம்பு புடிச்சிக்கினு கீறேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியதில் கை மோசமாகத்தான் இருந்தது. இப்போது ஆறிவருகிறது, ஆனால் வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை. அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழைநாள் ஞாபகம் வரும். கர்த்தர் ஆளைத் திருப்பித் தந்தார். நான் கெடுத்த காலத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஜெர்மனிச் சபையில் சிலர் வருத்தப்பட்டு விலகிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. மற்றவர்கள் நின்றார்கள். கட்டடம் நான் கேட்காமல் விட்ட பிறகுதான் எழும்பியது. இன்று பெண்கள் விடுதியில் எல்லா அறையிலும் ஆள் இருக்கிறது. ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்து படிக்கிறார்கள். புதிதாக ஒரு பெண் சேர்ந்தால் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன், தகப்பன் தாய் இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். வெளிநாட்டாரோடு பேசும்போது பெற்றவர்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ஆங்கிலத்தில் சொல்லப்போவதை முதலில் அவர்களிடம் தமிழில் சொல்லி, சரியா என்று கேட்கிறேன். நேரம் ஆகிறதென்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆகட்டும்.

சுகந்தியை ஆசீர்வாதம் அண்ணாவே திரும்பப் போகச் சொன்னார். நானும் முதல்வர் ஐயாவும் போய்க் கேட்டோம். அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "உங்க மேல கோவம் இல்ல அக்கா. ஜெபம் பண்ணலாம்னு கண்ண மூடினா அந்த மெழுகுவத்திதான் வருது. அதுக்கு நான் ஆமென் சொன்னது வருது. எப்டி அக்கா மறுபடி சாமி படிப்பு படிப்பேன்?"

போன மாதம் ஹெல்கா அம்மா ஆசீர்வாதம் அண்ணாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், இவர் கூச்சத்தில் நெளிந்தார். உங்களுக்காக நாங்கள் எதை ஜெபிக்கட்டும் என்று கேட்டார்கள். கை சுகமாகணும் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஜெபத்துக்கு வருகிற ஆளே இல்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயில் வாசலோடு சரி.

"எம் பொண்ணு முன்ன மாதிரி ஜெபம் பண்ணணும். அது வீட்ல பாடுறதே இல்ல. அதக் கேளுங்க" என்றார்.

நான் உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அண்ணா, சுகந்தி மறுபடியும் ஜெபிக்க வேண்டும், பாட வேண்டும் என்று சொல்லப்போகிறேன், சரியா என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினார். பிறகுதான் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் சாட்சியை இங்கே முடிக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதரைத் தூரதேசத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தவர் இதையும் செய்வார் என்று நம்புகிறேன். நீங்களும் உங்கள் காரியத்தை அவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், அலங்காரம் இல்லாமல் போங்கள், அவர் கேட்கிறார். போகும்போது எங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுகந்தி என்று பெயர் சொல்லியே ஜெபியுங்கள். விடுதிக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம், அது கிடைத்துவிட்டது.